காகிதம் க்யூவில் நிற்கிறது

உங்கள் ஆபீஸில் ஒரு பிரிண்டர் இருக்கும். ஜன்னல் ஓரமாகவோ, காபி மெஷினுக்குப் பக்கத்திலோ, ஒரு சின்ன பீரோ அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அதனோடு பேசாதவர்கள் ஆபீஸில் யாரும் கிடையாது; பெரும்பாலும் திட்டித்தான் பேசுவார்கள். ஆனால் நீங்கள் திட்டுகிற அந்த ஆசாமி பாவம், நிரபராதி! நீங்கள் 'பிரிண்ட்' என்று உத்தரவு கொடுத்தவுடன் உங்கள் காகிதம் நேரே அதனிடம் போவதில்லை. நடுவில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பிரிண்ட் ஸர்வர் என்று பெயர். யார் காகிதம் முன்னே போக வேண்டும், யார் காகிதம் காத்திருக்க வேண்டும், அச்சாகி முடிந்த பிறகு அதன் பிரதியை எறிந்துவிடுவதா, பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பதா என்பதெல்லாம் அவர் வசத்தில் இருக்கிறது.

அவருக்குச் சொந்த புத்தி கிடையாது. எப்போதோ யாரோ ஒரு புண்ணியவான் ஸெட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அங்கேயுள்ள சின்னக் கட்டங்களில் நாலைந்து டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த டிக்கின்படி இவர் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருப்பார். டிக் போட்டவர் வேலையை விட்டே போயிருப்பார். ஏன் போட்டார் என்று கேட்க ஆள் இருக்காது.

எங்கள் வாரப் பத்திரிகையின் ஆபீஸ் தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சென்ற வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இரண்டு மடங்கு சம்பளம் கிடைத்துப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆள் போடுவது என்று தீர்மானமாயிற்று. ஆள் மட்டும் வரவில்லை. ஒரு நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ காலேஜில் கம்ப்யூட்டர்தானே படிச்சே?"

"இல்லை ஸார், பௌதிகம்."

"ஏதோ ஒண்ணு. அதுவும் கரண்டிலே ஓடற சமாசாரம்தானே? புது ஆள் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்கோ."

இப்படியாக, தொடர்கதைகளுக்குக் கதைச் சுருக்கமும் சினிமாப் பக்கத்துக்குத் துணுக்கும் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு ஸர்வர் அறையின் சாவி கிடைத்தது. அந்த அறையில் ஆபீஸ் முழுவதிலும் இல்லாத குளிர்ச்சி உண்டு என்பதை மட்டும் நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

தீபாவளி மலர் முடிகிற வாரம். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு அரை மணி முன்னால் சமையற்கட்டு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும். வியாழக்கிழமை பகல் 2 மணிக்கு அச்சு நின்றது. காகிதம் இருந்தது, மசி இருந்தது, பிரிண்டரின் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. ஓவியர், லேஅவுட்காரர், விளம்பர மானேஜர், புரூஃப் பார்க்கிற பெரியவர் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் க்யூவைத் திறந்து பார்த்தார்கள். சாதாரண நாளில் அந்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை. அன்றைக்கு எல்லாரும் திறந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. ஸர்வரின் டிஸ்க்கில் இடம் இல்லை. எள் போட்டால் எள் விழாது! நிரம்பியிருந்ததெல்லாம் என்னவென்று பார்த்தால், சித்திரை மாதத்திலிருந்து எங்கள் ஆபீஸில் அச்சான ஒவ்வொரு காகிதமும்! வர்ணப் படங்கள் நிறைந்த அட்டை புரூஃப், கதைகள், இன்வாய்ஸ்கள், லீவ் லெட்டர்கள், யாரோ எடுத்த ரயில் டிக்கெட் எல்லாம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்று புரிய, ஸ்பூலிங் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பூல் என்றால் நூல் சுற்றுகிற கட்டை. கம்ப்யூட்டர் பிறந்த புதிதிலேயே ஒரு சங்கடம் தெரிந்துவிட்டது: கணக்குப் போடுகிற வேகத்துக்கு அச்சு யந்திரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அச்சு முடிகிற வரையில் கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? ஆகவே விடையை முதலில் காந்த நாடாவில் எழுதிச் சுற்றி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக அச்சடித்தார்கள். 1960களில் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில், நாஸாவின் விண்வெளி மையத்துக்காக ஐ.பி.எம். காரர்கள் ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதற்கு 'ஹாஸ்ப்' என்று பெயர். அந்தப் பெயரின் விரிவிலேயே ஸ்பூலிங் என்ற சொல்லும் இருக்கிறது, முன்னுரிமை என்ற சொல்லும் இருக்கிறது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பியவர்களுக்கும் க்யூவில் யார் முன்னே என்ற தகராறு இருந்திருக்கிறது என்று நினைத்தால் நமக்கு ஒரு சந்தோஷம்.

நம்முடைய அடையாறுப் பக்கத்திலும் அந்த நாள் உண்டு. ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்தது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, மடிப்பு மடிப்பாக வரும் தாளுக்காகக் காத்திருந்த தலைமுறை அது. இன்றைக்கு எண்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் எஞ்சினியர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்துபோன கதை ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

இப்போது நாடா இல்லை, டிஸ்க்தான். விண்டோஸ் ஸர்வரில் ஸிஸ்டம்32 என்ற அறைக்குள் ஸ்பூல் என்ற அலமாரி, அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற இழுப்பறை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் அங்கே இரண்டு கோப்புகள் உண்டாகின்றன. ஒன்று சரக்கு, மற்றொன்று அதன்மேல் ஒட்டிய சீட்டு. அனுப்பியவர் யார், காகிதத்தின் பெயர் என்ன, எந்தப் பிரிண்டருக்கு என்பதெல்லாம் சீட்டில் இருக்கும். அச்சு முடிந்ததும் இரண்டையும் ஸர்வரே அழித்துவிடும். ஆனால் 'அச்சான காகிதங்களை வைத்திரு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் போட்டால் அழிக்காது. எங்கள் ஆபீஸில் அந்த டிக் இருந்தது. விளம்பர மானேஜருக்கு இன்வாய்ஸ்களை மறுபடி மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்ததாம், அவர் கேட்டாராம், இவர் போட்டாராம். அவருடைய இன்வாய்ஸுக்காகப் போட்ட டிக் நாற்பது பேருடைய காகிதத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது.

காகிதத்தைப் பிடித்து வைத்தது மட்டுமல்ல. வைத்திருக்கிற காகிதங்களின் பெயர்கள் க்யூவிலும் வரிசையாக நிற்கும். எங்கள் ஸர்வரில் பிறத்தியார் காகிதத்தை ஒருவர் திறக்க முடியாது, மறுபடி அச்சடிக்க முடியாது. ஆனால் பெயரையும், அனுப்பியவர் யார் என்பதையும், எத்தனை பக்கம் என்பதையும் எல்லாரும் பார்க்கலாம். அன்றைக்கு எல்லாரும் க்யூவைத் திறந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? எங்கள் கணக்குப் பகுதியில் ஓர் அம்மாள் இருக்கிறார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மந்தைவெளியிலிருந்து வருகிறவர், ஒரு நாள் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பெயருக்கு நேரே, புரட்டாசியில் ஒரு தேதியிட்டு, மூன்று பக்கம் கொண்ட ஒரு காகிதத்தின் பெயர் நின்றது. 'பயாப்ஸி ரிப்போர்ட்' என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து ஈ-மெயிலில் வந்திருக்கிறது. வீட்டில் பிரிண்டர் கிடையாது, ஆபீஸில் அச்சடித்துக்கொண்டிருக்கிறார். நம்மில் யார்தான் செய்வதில்லை? அவருடைய பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதம் முகூர்த்தம். அதற்கு முன்னால் இந்தச் செய்தியை யாரிடம், எந்த நாளில், எந்த வார்த்தையில் சொல்வது என்று அந்த அம்மாள் தம் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் மூன்று பேர் அவருடைய மேஜைப் பக்கம் அநாவசியமாகப் போய்வந்தார்கள். ஒருவர் "உடம்பைப் பார்த்துக்குங்கம்மா" என்றாராம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்த நல்ல எண்ணத்தால் அம்மாளுடைய முகம் வெளுத்துவிட்டது.

நான் செய்ய வேண்டிய காரியம் எளிது. ஸ்பூலர் என்ற சேவையை நிறுத்த வேண்டும். இழுப்பறையைக் காலி செய்ய வேண்டும். மறுபடி ஓட விட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் விளம்பர மானேஜர் ஓடி வந்தார். "என் இன்வாய்ஸெல்லாம் அதிலேதான் இருக்கு, கை வைக்காதே" என்றார். இன்வாய்ஸின் மூலக் கோப்புகள் அவருடைய கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்ததைக் காட்டினேன். அவர் போன பிறகு, லேஅவுட் நண்பர் ஒருவர் குளிர் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "2,300 சொச்சம் இருக்கே... அதிலே ஏப்ரல் மாச இன்க்ரிமெண்ட் லிஸ்டும் இருக்கு, பார்த்தியா? அதை மட்டும் ஒரு காப்பி எடுத்துட்டு அழிச்சுடு" என்றார். நிர்வாகி என்கிற ஹோதாவில் எனக்கு அது ஒரு கிளிக். ஆசையே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. மணி இரண்டே முக்காலுக்கு இழுப்பறை காலியாயிற்று. மூன்று மணிக்கு அட்டை புரூஃப் வெளியே வந்தது.

அன்று இரவு மலர் வேலை முடிந்தபின் அந்த ஸெட்டிங்ஸ் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரையில் படித்தேன். சிறியதொரு பக்கம். ஆனால் படிக்கப் படிக்க, அது ஒரு கூட்டுக் குடும்பத்தின் சட்டதிட்டம் மாதிரி இருந்தது.

முதலில் முன்னுரிமை. 1 முதல் 99 வரையில் எண் கொடுக்கலாம். பெரிய எண்ணுக்குப் பெரிய மரியாதை. இந்த எண் மனிதருக்குக் கொடுப்பதல்ல, பிரிண்டருக்குக் கொடுப்பது. அதனால் ஒரே யந்திரத்துக்கு ஸர்வரில் மூன்று நான்கு பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுத்து, யார் எந்தப் பெயரை உபயோகிக்கலாம் என்று பிரித்துவிட வேண்டும். ஒரே சுவாமிக்குப் பல சந்நிதி. ஒருவர் காகிதம் அச்சாகிக்கொண்டிருக்கும்போது 99 வந்தாலும் அவரை எழுப்பிவிட மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்த இலை. இதை நான் மறுநாள் சொன்னதும் எல்லாப் பகுதியாரும் தங்களுக்கு 99 வேண்டும் என்றார்கள். எல்லாரும் 99 என்றால் எல்லாரும் 1 என்றுதான் அர்த்தம் என்பதைப் புரியவைக்க இரண்டு டிபன் வேளை செலவாயிற்று. ஆசிரியர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தமக்கு எப்போதும் 99தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

சென்னையில் இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததல்ல. 1761இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த அச்சு யந்திரத்தையும் ஸர் அயர் கூட் இங்கே கொண்டுவந்தார். கோட்டையில் அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லை. வேப்பேரியில் இருந்த பாப்ரீஷியஸ் பாதிரியார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நிபந்தனை: கோட்டைக்கு எப்போது அச்சு வேலை வந்தாலும் அதைச் செய்து கொடுக்க வேண்டும். பாதிரியார் தலையசைத்தார். அந்த வேப்பேரியில்தான் 1779இல் அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி அச்சாயிற்று. நம் ஊர் அச்சு யந்திரத்துக்கு முதல் நாளிலேயே முன்னுரிமை எண் எழுதப்பட்டுவிட்டது என்பது என் கட்சி.

அடுத்தது, எப்போது அச்சடிக்க ஆரம்பிப்பது என்ற கேள்வி. முதல் பக்கம் வந்தவுடனேயே ஆரம்பிக்கலாம். அல்லது கடைசிப் பக்கமும் ஸர்வருக்கு வந்து சேர்ந்த பிறகு ஆரம்பிக்கலாம். உடனே ஆரம்பிப்பதுதான் சுறுசுறுப்பு என்று தோன்றும். ரேஷன் கடையில் கவுண்டருக்கு நேரே வந்து நின்றுகொண்டு, அதற்குப் பிறகு பையைத் துழாவி கார்டைத் தேடுகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 200 பக்கம் அனுப்புகிற ஒரு பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமாகத் தயார் செய்துகொண்டு பிரிண்டரை மறித்து நிற்கும். பலர் பொதுவில் வைத்துக்கொள்ளும் யந்திரத்துக்குக் கடைசிப் பக்கம் வந்தபின் ஆரம்பிப்பதே நியாயம். இதற்குத் துணையாக இன்னொரு கட்டமும் உண்டு: முழுவதும் வந்து சேர்ந்த காகிதம், பாதி வந்துகொண்டிருக்கிற காகிதத்தை முந்திப் போகலாம், பின்னதற்கு எண் பெரிதாக இருந்தாலும் சரி. கையில் கார்டோடு நிற்பவருக்கு முதலில் அரிசி.

எனக்கு மிகவும் பிடித்துப்போன கட்டம், பொருந்தாத காகிதத்தை நிறுத்திவைக்கிற கட்டம். இதன் அருமை எங்கள் ஆபீஸில் தெரியவில்லை, மயிலாப்பூரில்தான் தெரிந்தது. கச்சேரி ரோடுப் பக்கம் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் சிநேகிதர், நான் பிரிண்ட் ஸர்வர் பார்க்கிறேன் என்று கேள்விப்பட்டு, வைத்தியரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு அனுப்பினார். வக்கீல் ஆபீஸ்களில் தாளின் அளவு ஒரு பெரிய விவகாரம். நெடுங்காலம் நீளமான லீகல் தாள்தான். 2020இல் சுப்ரீம் கோர்ட் ஏ4 தாளுக்கும், இரு பக்கமும் அச்சடிப்பதற்கும் மாறியது. அந்தச் சிநேகிதரின் ஆபீஸில் இரண்டு தட்டிலும் இரண்டு அளவும் தயாராக இருந்தன. வந்த வினை மூன்றாவது அளவு.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் ஒரு கட்சிக்காரர் அனுப்பிய கடிதம், அமெரிக்காவின் 'லெட்டர்' அளவில் அமைந்திருந்தது. ஏ4ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் அதிகம், 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிரிண்டருக்குத் தெரிந்தது. "லெட்டர் தாள் வை" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. லெட்டர் தாள் மயிலாப்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? அதன் பின்னால் இருபது காகிதங்கள். அதில் ஒன்று அன்று காலை கோர்ட்டுக்குப் போக வேண்டிய பிரமாண வாக்குமூலம். ஒரு வீட்டை இடிக்காமல் தடுக்கிற மனுவுக்கு வேண்டியது. மணி ஒன்பதரை. யார் யாரோ பிரிண்டரை அணைத்து அணைத்துப் போட்டார்கள். போட்டவுடன் அது அதே லெட்டர் தாளைக் கேட்டது. கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வேலையை முடித்துக்கொண்டார்களாம். நான் போய்ச் செய்ததெல்லாம் ஒரு டிக். அதற்குப் பிறகு தாள் அளவு பொருந்தாத காகிதம் வந்தால் அதை மட்டும் ஸர்வர் ஓரமாக நிறுத்திவைக்கிறது. பின்னால் நிற்பவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஜூனியர் எனக்கு லஸ் முனையில் ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். பீஸ் அவ்வளவுதான்.

நேரத்தையும் வகுத்துக் கொடுக்கலாம். எங்கள் சந்தாதாரர்களுடைய விலாச லேபிள்கள் ஆயிரக்கணக்கில் அச்சாக வேண்டும். பகலில் அவை வந்தால் மற்ற யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவற்றுக்கென்று ஒரு தனிப் பெயர் வைத்து, இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரையில் மட்டும் திறந்திருக்கும்படி செய்துவிட்டேன். பகலில் அனுப்பினால் ஸர்வரிலேயே படுத்துக் கிடக்கும். இரவில் எழுந்து வேலை செய்யும்.

தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் எங்கள் புரூஃப் பெரியவர் என்னை மன்னிக்க மாட்டார். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்து ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு எண்களாக இருக்கிறது. ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் போட்டு உருவம் கொடுப்பது கம்ப்யூட்டரின் வேலை. பிரிண்டருக்கு அந்த வித்தை தெரிய வேண்டியதில்லை. ஆனால் எங்களைப் போன்ற பழைய பத்திரிகைகளில், யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டைப் செய்த பக்கங்கள் மலைபோல் இருக்கின்றன. அந்தக் காலத்து எழுத்துருக்கள், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள இடத்தில் தமிழைக் குடிவைத்தவை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை; 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மகாநாட்டில்தான் இதற்கு ஓர் ஒழுங்கு தேடினார்கள்; 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய பக்கத்தை அனுப்பும்போது, பிரிண்டர் "இந்த எழுத்துரு எதற்கு, என்னிடமே ஒன்று இருக்கிறது" என்று தன் சொந்த எழுத்துருவைப் போட்டால் தீர்ந்தது கதை. தமிழ் இருந்த இடத்தில் தலையில் குல்லாய் வைத்த பிரெஞ்சு எழுத்துக்கள் வந்து நிற்கும். பழைய தீபாவளி மலர்க் கதை ஒன்று அப்படி வந்ததைப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எழுத்துருவை மாற்றிப் போடாதே, அதன் வடிவத்தையே அனுப்பு என்று சொல்வதற்கு அந்தப் பிரிண்டரின் அமைப்பில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் திருத்தினேன். பெரியவர் மறுபடி படித்துவிட்டு, "சந்திப்பிழை மட்டும் அப்படியே இருக்கு" என்றார்.

பிரிண்ட் ஸர்வரை அலட்சியம் செய்வது வெளி மனிதருக்கும் வசதி. 2010இல் வெளிவந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்ற பிரசித்தி பெற்ற கிருமி, விண்டோஸின் இந்த ஸ்பூலரில் இருந்த ஓட்டையையும் ஒரு வழியாக உபயோகித்தது. 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்று இன்னொன்று. அச்சு வேலை இல்லாத ஸர்வர்களில் ஸ்பூலரை அடியோடு நிறுத்திவிடுவது உத்தமம் என்று அப்போது நிபுணர்கள் சொன்னார்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் – சென்னை ஸி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்பட – கப்ஸ் என்ற வேறு குமாஸ்தாவிடம் வேலை வாங்குகிறார்கள். அவர் அச்சான காகிதத்தை, வேறு சொல்லாவிட்டால், ஒரு நாள் வைத்திருந்து அழித்துவிடுகிறார். அவருக்கும் 2024இல் ஒரு கண்டம் வந்தது. யாரும் சிரிப்பதற்கில்லை.

மலர் கடைக்குப் போன பிறகு ஒரு நாள் கணக்கு அம்மாள் குளிர் அறைக்கு வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அது இப்போ இல்லையே?"

"இல்லைம்மா. அன்னிக்கே அழிச்சாச்சு. இனிமே யார் காகிதமும் தங்காது. விளம்பரப் பகுதிக்கு மட்டும் தனிப் பேர்லே ஒண்ணு; அதிலே அவங்க இன்வாய்ஸ் மட்டும்தான்."

"நீங்க படிச்சீங்களா?"

"இல்லை."

கொஞ்ச நேரம் யந்திரங்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் போய், சம்பந்தி வீட்டில் தாமே சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னார். ஆபீஸில் தெரிந்த செய்தி ஊரில் தெரிய எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டாராம். முகூர்த்தத்தைத் தையிலிருந்து கார்த்திகைக்கு முன்தள்ளிவிட்டார்களாம். பையனுடைய அம்மாதான் அப்படிச் சொன்னாராம். "நான் வேற மாதிரி சொல்லணும்னு நெனச்சிருந்தேன், தம்பி. பொண்ணுகிட்ட முதல்லே" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: "ஸர்வர்லே அழிச்சீங்க சரி. அந்த மெஷினுக்குள்ளே?"

கணக்கு எழுதுகிறவர்கள் கேட்கிற கேள்வியே தனி. நான் யந்திரத்தின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இந்தக் காலத்துப் பெரிய பிரிண்டர்களில், ஸ்கேனும் நகலும் சேர்ந்த வகைகளில், பலவற்றுக்கு வயிற்றுக்குள் தனியாக ஒரு டிஸ்க் உண்டு. எங்களுடையதிலும் இருந்தது. அமெரிக்காவில் அபினிட்டி ஹெல்த் பிளான் என்ற ஒரு மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம், குத்தகைக்கு எடுத்திருந்த நகல் யந்திரங்களை, உள்ளேயிருந்த டிஸ்க்கைத் துடைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டது. அவற்றில் ஒன்றை ஒரு டெலிவிஷன் செய்திக் கம்பெனி விலைக்கு வாங்கித் திறந்து பார்த்தது. நோயாளிகளின் விவரங்கள் உள்ளே இருந்தன. 3,44,579 பேருடைய விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2013இல் அந்த ஸ்தாபனம் 12 லட்சம் டாலருக்குமேல் அரசாங்கத்துக்குக் கட்ட நேர்ந்தது. யந்திரத்தை வாங்கியவர்களோ, டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே வாங்கியவர்கள். பார்க்காமல் வாங்குகிற, பார்க்காமல் விற்கிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

எங்கள் பிரிண்டரின் டிஸ்க்கில் ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதன்மேல் அழித்தெழுதுகிற வசதி இருந்தது. அதற்கும் ஒரு கட்டம். டிக் இல்லாமல் கிடந்தது. போட்டேன். கூடவே, யாருக்கு வேண்டுமோ அவர்கள் நாலு எண்ணால் ஒரு ரகசியக் குறி வைத்துக்கொள்ளும் வசதியையும் திறந்துவிட்டேன். காகிதம் யந்திரத்திலேயே காத்திருக்கும். நீங்கள் எதிரே போய் நின்று எண்ணை அழுத்தினால்தான் வெளியே வரும். டிக் போடுவதற்கு முன்னால் அந்த டிஸ்க்கில் ஏறியவை என்ன ஆயின என்பது யந்திரத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் வெளிச்சம். எங்களுடையது குத்தகை யந்திரம்.

குத்தகைக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அம்மாளே சொன்னார். யந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகும்போது டிஸ்க்கைக் கழற்றி எங்களிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைத்துவிட்டதற்கு எழுத்து மூலம் அத்தாட்சி தர வேண்டும். 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடிதத்தில் குறிப்பிடச் சொன்னவரும் அவர்தான். கடிதத்தைத் தாமே டைப் செய்தார். பிரிண்டருக்கு எதிரே போய், ஒரு கையால் மறைத்துக்கொண்டு, நாலு எண்ணை அழுத்தினார். இரண்டு தாளும் வந்ததும் எடுத்துக்கொண்டு வந்து, கையெழுத்துக்காக என் மேஜைமேல் வைத்தார். குத்தகை பங்குனியோடு முடிகிறது.